ஆடி மாதத்துக் காலிஃப்ளவர்

அந்த அக்காவோடு நான் பேசிய முதல் பேச்சே சண்டையில் முடிந்திருக்க வேண்டியது.

தெப்பக்குளத்தைத் தாண்டி வண்டியூர் போகும் வழியில் ஒரு சந்துக்குள் வீடு பார்த்துக் குடிவந்திருந்தோம். என் கணவருக்குக் கப்பலூரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. எதிர் வீட்டில் அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நல்ல உயரம், நெற்றியில் எப்போதும் வியர்வை. அது மார்கழி மாதம். புது வீட்டில் முதன்முதலாக முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் பழக வேண்டுமே என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் அந்தக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அக்கா எங்கள் வாசலில் நின்றார். சாம்பார் அப்படியே இருந்தது.

“தப்பா நெனச்சுக்காதம்மா. மார்கழியில முருங்கக்கா ஏது? நம்ம ஊரு மரமெல்லாம் இப்ப சும்மா நிக்குது. இது வடக்கேயிருந்து லாரியில வந்திருக்கும். மகாராஷ்டிரா, குஜராத்துன்னு எங்கனயாச்சும்.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். “நாங்களும் குஜராத்துலருந்து வந்தவங்கதாங்க்கா” என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். “நீங்க வந்து எத்தனை தலமுறையாச்சு! நீங்க இந்த ஊரு ஆளுக. இது முந்தாநாள் ஏறி இன்னைக்கு எறங்குனது.” என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சாம்பாரை மட்டும் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படித்தான் பழக்கமானோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து உழவர் சந்தைக்குப் போவோம். எங்கள் குடும்பம் தறி நெய்தது. எனக்குக் காய்கறி என்றால் தள்ளுவண்டியில் வருவது, பிளாஸ்டிக் பையில் வீட்டுக்குள் நுழைவது. அக்காவோ மேற்கே வைகைப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போட்ட வீட்டில் பிறந்தவர். சந்தையில் மற்றவர்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவார்கள். அக்கா அதை ஏறிட்டும் பார்க்க மாட்டார். காயை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், “எந்த ஊரு?” என்பார். சொன்னதும், “இதுக்கு இது மாசமா?” என்பார். அதற்குத் திருப்தியான பதில் வந்தால்தான் பை திறக்கும்.

அதனால் அவர் வீட்டுச் சமையல் மாதத்துக்கு மாதம் மாறும், ஒரு மாதத்துக்குள் மாறவே மாறாது. தை மாதம் முழுக்க மொச்சை. மொச்சைக் குழம்பு, மொச்சை போட்ட கத்தரிக்காய், பிதுக்கிய மொச்சையில் ஒரு கூட்டு. பங்குனி பிறந்தால் முருங்கை. அப்போது எனக்கும் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்து, “இப்ப வைம்மா ஒன் சாம்பார” என்பார். சித்திரையில் வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு. மழைக் காலத்தில் கீரை வாங்க மாட்டார். சுண்டை வத்தலும் மணத்தக்காளி வத்தலும் வைத்தே நாட்களை ஓட்டிவிடுவார். அவர் சொன்ன மாதத்தில் வாங்கிய காய்க்கு ருசி வேறாக இருந்தது என்பதை நான் மறுக்க முடியாது. தை மாதத்து மொச்சையைத் தின்ற நாக்கு, வேறு மாதத்தில் குளிர்பெட்டியிலிருந்து வரும் மொச்சையை ஏற்பதில்லை. இன்றைக்கும் நான் மாதம் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ஆனால் அக்காவிடம் இருந்தது ருசி பார்க்கும் குணம் அல்ல என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஒரு புரட்டாசியில் சந்தையின் மூலையில் வயதான ஒருவர் கொஞ்சம் அவரைக்காயைச் சாக்கில் பரப்பி உட்கார்ந்திருந்தார். கொடிக் காய், தட்டையாக, ஊதா விளிம்போடு பார்க்கவே அழகாக இருந்தது.

“அவரை இன்னும் பூவே வச்சிருக்காதே. எங்கருந்து வாங்கி இங்க வந்து விக்கிறீங்க?” என்று அக்கா கேட்டார்.

“கெணத்தடியில ரெண்டு கொடி கெடக்கு தாயி. தண்ணி பாயிற எடம். அதுவா காய்ச்சது.”

“அதுவா காய்க்கிறதுக்கு அதுக்குன்னு ஒரு நாள் வேணாமா?”

பெரியவர் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். கிணற்றடியில் ஈரம் கண்ட கொடி முந்திக் காய்க்காதா என்ன? நான் அதைச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாரே தவிர நின்று பார்க்கவில்லை. மனிதர்கள் என்ன சொன்னாலும் அவர் நம்பத் தயாராக இல்லை. மாதத்தை மட்டும்தான் நம்பினார். அதில் ஒரு பயம் இருந்தது. எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவர் கணவர் சாதுவான மனிதர். சமயநல்லூரில் உரக்கடை வைத்திருந்தார். உரம், விதை, பூச்சிமருந்து எல்லாம் அங்கே உண்டு. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அவரை ‘டாக்டர் அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்களாம். புழு அரித்த இலையையோ சுருண்ட தளிரையோ கொண்டுபோய்க் காட்டினால் பார்த்து மருந்து சொல்வார். சாயங்காலம் வீடு திரும்பினால் நேரே பின்கட்டுக் குழாயடிக்குப் போய் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். அவருடைய துணிக்கென்று தனி வாளி, தனிக் கொடி. காய்கறிப் பையை அவர் தொடக் கூடாது. ஒருமுறை பை கனமாக இருக்கிறதே என்று அவர் வாங்கப் போக, அக்கா சட்டென்று பின்வாங்கியதைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுத்தம் பார்க்கிற பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே மகள். அவள் கல்யாண வரவேற்பு ஒரு ஆவணியில் நடந்தது. சமையல்காரர் கொடுத்த பட்டியலில் காலிஃப்ளவர் வறுவல் இருந்தது. அக்கா அதை எடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் விரும்புகிறார்கள் என்று மகள் வேண்டும் என்றாள். வீட்டுக்குள் இரண்டு நாள் பேச்சு இல்லை.

“கடையில வாங்கித் தின்னா எனக்கு என்ன ஆயிருச்சு? காலேஜ் ஆஸ்டல்ல மூணு வருசம் எந்த மாசத்துக் காயின்னு பாத்தா தின்னேன்? ஒரு நாளைக்கு எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போகட்டும்மா” என்று மகள் அழுதது எங்கள் வீடுவரை கேட்டது.

வறுவல் வந்தது. பந்தியில் அதைப் பரிமாறிக்கொண்டு வந்தபோது அக்கா இலையின் மேல் கையை விரித்து மறைத்தார். அன்று அவர் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார். மேடையில் நின்ற மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறு வருஷம் ஆடி. காற்று மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு தம்பதி புதிதாகக் கடை போட்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் காலிஃப்ளவர் மலைபோல் குவிந்திருந்தது. ஒவ்வொரு பூவும் அச்சில் வார்த்ததுபோல் வெள்ளையாக, ஒரு புள்ளி இல்லாமல், பச்சை இலை சுற்றி நிற்க, பார்ப்பவர்கள் நின்றுதான் போனார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண் குனிந்து ஒரு பூவை எடுத்துவிட்டாள். கைபேசியைத் தூக்கி, அங்கே தொங்கிய அட்டையை ஸ்கேன் செய்யப் போனாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துவிட்டார். “வாங்காதம்மா. நம்ம மண்ணுல ஆடியில இது வராது. இந்தச் சூட்டுக்கும் காத்துக்கும் புழு சும்மா விடுமா? ஒரு ஓட்டைகூட இல்ல பாரு. மொத்தமும் மருந்துல வந்தது. பிள்ளைக்குக் குடுத்துறாத.”

கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முகம் மாறியது. “யக்கா, காலங்காத்தால போணிகூட ஆகல. வேணாம்னா நீங்க போங்க. வாங்குறவுகள ஏன் தடுக்குறீக?”

அவள் புருஷன் பின்னால் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கோபமாகத்தான் வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“மதினி, கும்புடுறேன். என்னயத் தெரியலையா? டாக்டர் அண்ணே கடைக்கு வர்றவன். கடைய ரோட்டு மேல மாத்துன அன்னைக்கு நீங்கதான் எனக்குக் கேசரி குடுத்தீக.”

அக்கா அந்த இளம்பெண்ணின் கையை விட்டார்.

“மருந்துல வந்ததுன்னு சொன்னீக. நெசந்தான். நான் இல்லேங்கல. எலையப் பிச்சுக் கொண்டுபோய் அண்ணேகிட்டத்தான் காட்டுனேன். வாரம் ஒருக்கா இத அடி மாப்ளன்னு அவருதான் எடுத்துக் குடுத்தாரு. அடிச்சேன். பூ நல்லா வந்துச்சு. அண்ணே கையால வாங்கிட்டுப் போயி அடிச்சத, இங்க வந்து நீங்க வாங்காதீகங்கிறீக.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

“ஏப்பா, இந்த மாசத்துல எதுக்கு இதப் போடுற?” அக்கா கேட்டார். “தையில எடுக்குற மாதிரிப் போட்டா இம்புட்டு மருந்து எதுக்கு?”

“தையில எல்லார் காட்டுலயும் இதுதான மதினி நிக்கும்? போன தையில பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டல. மாட்டுக்குப் போட்டேன். மாடும் எம்புட்டுத்தான் திங்கும்? நீங்க அப்ப வாங்குவீக, வீட்டுக்கு ஒரு பூ. மிச்சத்த நான் என்ன செய்யட்டும்? மத்தவனுக்கு இல்லாதப்ப என்கிட்ட இருந்தாத்தான் எனக்கு நாலு காசு. அதுக்குத்தான இந்தப் பாடு.” தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. “அடிக்கிறவனும் நான்தான்.”

குழந்தையோடு நின்ற பெண் பூவைக் குவியலில் வைத்துவிட்டு நகர்ந்துபோனாள். வேடிக்கை பார்த்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். அந்தக் கடையைச் சுற்றி ஒரு வெற்றிடம் விழுந்தது. விஷயம் வரிசை நெடுகப் பரவுவது கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாக வந்தவர்கள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலிச் சாக்கை எடுத்துக் குவியலை மூடத் தொடங்கினாள்.

“மூடாதம்மா” என்றார் அக்கா. “எல்லாத்தையும் சாக்குல போடு. நான் எடுத்துக்குறேன்.”

“மதினி, அதுக்காகச் சொல்லலை...”

“போடுப்பா.”

ஷேர் ஆட்டோ சரிப்படாது என்று தனி ஆட்டோ பிடித்தோம். காலுக்கடியில் இரண்டு சாக்கு. பாதி வழியில் அக்கா தானாகப் பேச ஆரம்பித்தார்.

“கல்யாணமான புதுசுல அவரு சரக்கெடுக்கப் போனா நான்தான் கடையில உக்காருவேன். எந்த மாசம் எந்தக் காய்க்கு வந்து நிக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஆடி, ஆவணியில கத்தரிக்கு வந்து நிப்பாங்க. கோடையில காலிஃப்ளவருக்கு. கொடிய விஷம்னு செகப்பு முக்கோணம் போட்ட டப்பாவா எடுத்துட்டுப் போவாங்க. தையில மொச்சைக்கு ஒரு ஆளு வர மாட்டான். பங்குனியில முருங்கைக்கு அம்புட்டா வர மாட்டான். எந்தக் காய்க்கு எங்க கடையில ஆளு நிக்கலையோ, அந்தக் காயத்தான் நம்ம வீட்டுக்கு வாங்கணும்னு அப்ப முடிவு பண்ணேன்.”

காலில் இடித்த சாக்கை நான் நகர்த்தி வைத்தேன்.

“மாசம் பாத்து வாங்குறேன் மாசம் பாத்து வாங்குறேன்னு நீ எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவியே. நான் மாசத்த எங்க கத்துக்கிட்டேன், பாத்தியா?”

அன்று ஞாயிறு என்பதால் அவர் கணவர் மதியமே வந்துவிடுவார். சாக்குகளை இறக்க உதவிய நான் அப்படியே அடுப்படியில் நின்றேன். அக்கா இரண்டு பூவை எடுத்துப் பிரித்தார். எல்லா வீட்டிலும் செய்வதுபோல மஞ்சள் தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கினார்.

“புழு இருந்தா இப்ப மெதந்து வரும். பாத்துக்கிட்டே இரு” என்றார்.

இருவரும் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் மிதந்து வரவில்லை. தண்ணீர் தெளிந்த மஞ்சளாக அப்படியே இருந்தது.

அவர் கணவர் பின்கட்டில் குளித்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டியபடி வந்து உட்கார்ந்தார். தட்டில் சோறும் குழம்பும் வைத்து, பக்கத்தில் காலிஃப்ளவர் பொரியலை அக்கா வைத்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன இது, நம்ம வீட்ல? ஆடியில?”

“ஒங்க மாப்ள ஒருத்தரு சந்தைக்குக் கொண்டாந்திருந்தாரு. பூவு நல்லா வர ஒங்க மருந்துதான் காரணம்னு சொன்னாரு.”

அவர் கை தட்டின் மேலேயே நின்றது. யார் என்று அக்கா சொன்னார். அவருக்குத் தெரிந்தது.

“எப்பப் பறிச்சதாம்?”

“நேத்து சாயங்காலம்.”

“கடைசியா எப்ப அடிச்சானாம்?”

“அத நான் கேக்கல. நீங்க எப்பயாச்சும் கேட்டீங்களா?”

“டப்பாவுல போட்டிருக்கு, அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னு. அத யாரு படிக்கிறா? நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நான் குடுக்கலைன்னா அடுத்த கடைக்காரன் குடுப்பான்” என்றார் மெல்ல.

“தெரியும். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டு, நம்ம மூணு பேருக்கு மட்டும் நல்ல காயாப் பாத்து வாங்கிக்கிட்டு இருந்தேன்.”

அக்கா இன்னொரு தட்டை எடுத்துவந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். தனக்கும் அதே பொரியலை வைத்துக்கொண்டார், அவருக்கு வைத்ததைவிட அதிகமாக. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ வீட்டுக்குப் போம்மா. இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது.”

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் தலையைத் தூக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டிலிருந்து காலிஃப்ளவர் வேகிற வாடை வந்தது. தின்று தீராமல் அழுகிப்போனதை அக்கா குப்பை வண்டியில் போட்டார்.

அதற்குப் பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டார். சந்தைக்கு வருவார். நேராக அந்தத் தம்பதியின் கடைக்குப் போவார். அங்கே என்ன இருக்கிறதோ அதை வாங்குவார். எந்த ஊர் என்று கேட்பதில்லை. எந்த மாதம் என்று கேட்பதில்லை. நான் ஒரு கடையில் காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். ஊரெல்லாம் புத்தி சொன்ன பெண் வாயை மூடிக்கொண்டதில் வியாபாரிகள் சிலருக்குச் சந்தோஷம். எனக்கு அவரோடு போவதே பாரமாக இருந்தது.

மகள் எனக்குப் போன் செய்தாள். “அம்மாவுக்கு என்ன ஆச்சு? அப்பாவும் பேச மாட்டேங்கிறாரு. நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?” சொல்லிப் பார்த்தேன். “ஊரே திங்குறத நாங்க தின்னா என்ன?” என்று முடித்துவிட்டார்.

அவர் கணவர் கடையை மூடவில்லை. ஆனால் ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டினாராம், எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று. வருகிறவர்களிடம் வாயாலும் சொன்னாராம். “அண்ணே, அத்தனை நாள் விட்டா காய் முத்திப் போகும். முத்துன காய யாரு வாங்குவா?” என்று அவர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள். காலிஃப்ளவர் கொண்டுவந்த அந்தத் தம்பியும் இப்போது அங்கேதான் வாங்குகிறார் என்று அக்கா ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

மறு வருஷம் ஐப்பசியில் மகளுக்கு வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். ஏழாம் மாதம். அக்காவுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது முகத்தில் தெரிந்தது. தான் தின்பது வேறு, அவளுக்குக் கொடுப்பது வேறு அல்லவா? “அவளுக்கு மட்டுமாச்சும் பழையபடி பாத்து வாங்குங்கக்கா” என்றேன். “இந்த மழையில எதப் பாத்து வாங்க?” என்றார். இருந்த வத்தலையெல்லாம் குழம்பு வைத்துக் கொடுத்தார். பச்சைக் காய் இல்லாமல் மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தை முழுக்கச் சேறு. அந்தத் தம்பி டவுனுக்குள் ஏதோ வேலையாகப் போயிருந்தார். மனைவி மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கத்தரிக்காய் பளபளவென்று குவிந்திருந்தது. அக்கா குவியலின் முன்னால் நின்றார். குனியவில்லை, போகவும் இல்லை.

“மக வந்திருக்காகளாமேக்கா? கடைத்தெருவுல பேசிக்கிட்டாகன்னு அவுக சொன்னாக” என்றாள் அந்தப் பெண். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தராசுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து நீட்டினாள். உள்ளே ஒரு கட்டுத் தண்டங்கீரை, கொஞ்சம் வெண்டை, கோணல்மாணலாக ஓட்டை விழுந்த கத்தரிக்காய்கள்.

“வீட்டுப் பொழக்கத்துக்குன்னு ஓரமா ரெண்டு பாத்தி வச்சிருக்கோம்க்கா. அதுல மருந்து படாது. அடிக்கிற அன்னைக்குப் படுதா கட்டிருவோம். இன்னைக்குப் பறிச்சத ஒங்களுக்குன்னு கொண்டாந்தேன்.”

“ஒன் பிள்ளைகளுக்கு?”

“இன்னைக்கு ரசம் வச்சுக்கிறேன். மாசமா இருக்க பிள்ளைக்குக் குடுங்க.”

அக்கா பையை வாங்கி ஒரு கத்தரிக்காயை எடுத்தார். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு ஒரு பெண் வந்தாள். வயிற்றைப் பார்த்தால் அக்கா மகளுக்கு இருக்கும் அதே மாதம்தான் இருக்கும். சேலையைத் தூக்கிப் பிடித்து, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, குவியலிலிருந்து ஓட்டையில்லாத காயாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

“இது நம்ம ஊருக் காய்தானக்கா? ப்ரெஷ்ஷா இருக்குமா?”

“பக்கத்துல, சமயநல்லூர்தாம்மா. நேத்துப் பறிச்சது” என்றாள் கடைக்காரப் பெண். சொல்லிவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா அந்த வளையல் போட்ட பெண்ணைப் பார்த்தார். உதடு பிரிந்தது. கடைக்காரப் பெண்ணின் கண் அவர் மேலேயே இருந்தது. அதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று காத்திருந்த பார்வை அது. நானும் காத்திருந்தேன். தராசில் காய் ஏறியது, இறங்கியது, பைக்குள் விழுந்தது. அக்கா திரும்பி நடந்தார்.

ஆட்டோவில் நான்தான் கேட்டேன். “சொல்லியிருக்கலாமோக்கா?”

“அவ பிள்ளைக சோத்த நான் மடியில வச்சிருக்கேன். எந்த வாயால சொல்லச் சொல்ற?”

அன்று மதியம் மகளுக்குத் தனியாகச் சமைத்தார். அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பெண் அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் மஞ்சள் பை கொண்டுவந்தாள். அக்காவும் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து ஒரு காயைக்கூடத் தானும் எடுத்துக்கொள்ளவில்லை, கணவருக்கும் வைக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் என் கணவரின் வேலைக்குத் தோதாக நாங்கள் திருமங்கலம் பக்கம் வீடு மாறிவிட்டோம். தை மாதத்தில் ஒரு நாள் அக்கா போன் செய்தார். பேரன் பிறந்திருக்கிறான், சுகப்பிரசவம், நல்ல எடை, கொழுகொழுவென்று இருக்கிறான் என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் குரலில் சிரிப்பைக் கேட்டேன். பெயர் வைப்பதற்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தமும், யாரோ அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டன.

“ஏம்மா, அன்னைக்குச் சந்தையில பாத்தோமே, கை நெறைய வளையலோட, அந்தப் பொண்ணு” என்றார் அக்கா. “அதுக்கும் இந்நேரம் பெறந்திருக்கும்ல?”